காகிதத்தில் ஜியோடெசிக் டோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் பள்ளிகள் அறிவியல் கண்காட்சி அறிவிக்கும் மாதங்களில் இந்தக் கேள்விகள் கூட்டமாக வரும். நவராத்திரிக்கு முன்னால் இன்னொரு சுற்று. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கணக்கு வேண்டாம், செய்முறை போதும் என்பவர்கள் நேராக வெட்டி ஒட்டும் கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் எதற்கு இரண்டு நீளம் என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். டோம் மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

ஜியோடெசிக் டோம் என்றால் என்ன, சுருக்கமாக?

உருண்டையான கூரையைச் சின்னச் சின்னத் தட்டை முக்கோணங்களால் கட்டுவது. எதற்கு முக்கோணம்? நான்கு குச்சிகளை முனையில் ஆணியடித்துச் சதுரமாக்கினால், ஒரு மூலையை அழுத்தியதும் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணத்தை எந்தப் பக்கம் அழுத்தினாலும் வடிவம் மாறாது.

பெரும்பாலான டோம்களுக்கு ஆதாரம் ஐகோசஹெட்ரன் என்ற வடிவம்: 20 சமபக்க முக்கோணங்கள், 12 முனைகள், 30 விளிம்புகள். அதன் ஒவ்வொரு முக்கோணத்தையும் சிறு முக்கோணங்களாகப் பிரிக்க வேண்டும். அப்போது புதிதாகக் கிடைக்கும் முனைகளை உருண்டையின் மேற்பரப்பு வரை வெளியே தள்ள வேண்டும். அவ்வளவுதான். பழைய விளிம்பு ஒவ்வொன்றையும் எத்தனை துண்டாக்கினோம் என்பதை ஃப்ரீக்வென்சி என்பார்கள். இரண்டு துண்டு என்றால் 2வி, மூன்று என்றால் 3வி.

இதைக் கண்டுபிடித்தவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர்தானே?

பெயரும் புகழும் அந்த அமெரிக்க வடிவமைப்பாளருடையது. 1954-இல் அமெரிக்கக் காப்புரிமையும் அவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் அவருக்கு முப்பது ஆண்டு முன்பே ஜெர்மனியில் ஜேனா நகரத்தில், ட்ஸைஸ் நிறுவனத்தின் பொறியாளர் வால்தர் பவுயர்ஸ்ஃபெல்ட் இதே வகை இரும்புக் கம்பி வலையை ஒரு தொழிற்சாலை மொட்டை மாடியில் நிறுத்திவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது கோளரங்கக் கருவியைச் சோதித்துப் பார்க்க ஓர் அரைக்கோளத் திரை. கம்பி வலையின் மேல் மெல்லிய கான்கிரீட் பூசி அதைச் செய்தார். 1926-இல் அங்கே திறந்த கோளரங்கம் இன்றும் நடக்கிறது. கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தப் பழக்கமும் ஜியோடெசிக் டோமும் ஒரே மாடியில் பிறந்தவை என்று சொல்லலாம்.

ஃபுல்லர் செய்தது வேறு. இது திரைக்கான சட்டகம் மட்டுமில்லை, வீடும் கட்டலாம், ஊரையே மூடலாம் என்று உலகம் முழுக்கப் போய்ப் பேசினார். 1967-இல் மான்ட்ரியல் கண்காட்சிக்கு அவர் வடிவமைத்த டோம் 76 மீட்டர் விட்டம், 62 மீட்டர் உயரம். 1976-இல் அதன் அக்ரிலிக் போர்வை தீப்பிடித்து முழுக்க எரிந்துபோனது. எஃகுச் சட்டகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் நிற்கிறது. நம் நாட்டில் அகமதாபாத்தில் கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும் 1960-களின் தொடக்கத்தில் காலிகோ மில்லுக்கு ஒரு டோம் கட்டினார்கள். அது பின்னாளில் இடிந்து விழுந்துவிட்டது.

ஹைகோர்ட் டோம்களும் இந்த வகைதானா?

இல்லை. 1892-இல் கட்டி முடித்த சென்னை உயர் நீதிமன்றமும், கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸும் கட்டுமானத்தில் வேறு ரகம். வளைந்த கனமான கூரை தன் எடையை மேலிருந்து கீழே கடத்திக்கொண்டே வந்து சுவரில் இறக்கும். ஜியோடெசிக்கில் அந்த வேலையை மெல்லிய குச்சிகளின் வலை பங்கு போட்டுக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் கவிழ்ந்த அரைக்கோளம்தான்.

முதல் மாடலுக்கு எதை எடுப்பது?

2வி அரைக்கோளம். வேறு எதையும் எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். 40 முக்கோணங்கள், இரண்டே நீளங்கள், இரண்டே வடிவங்கள். அடிப்பகுதி தட்டையாக வரும், மேசையில் வைத்தால் உட்காரும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கவராயம் பிடிக்கத் தெரிந்தால் பெரியவர் துணையோடு செய்துவிடும்.

3வி அழகு, மறுக்கவில்லை. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அளவுகள் என்ன? எந்த அளவு டோமுக்கும் பொருந்துமா?

பொருந்தும். உங்கள் டோமின் ஆரத்தை, அதாவது விட்டத்தில் பாதியை, இரண்டு எண்களால் பெருக்கினால் போதும்.

நெட்டை விளிம்பு = ஆரம் × 0.618
குட்டை விளிம்பு = ஆரம் × 0.5465

ஏ4 தாளுக்கு வசதியான ஆரம் 15 செ.மீ. அப்போது நெட்டை 9.27, குட்டை 8.20. ஸ்கேலில் 9.3 என்றும் 8.2 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். டோம் 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் வரும்.

இரண்டு முக்கோண வகைகள்: மூன்று பக்கமும் நெட்டையாக உள்ள சமபக்க முக்கோணம் 10. ஒரு பக்கம் நெட்டை, இரண்டு பக்கம் குட்டையாக உள்ள இருசமபக்க முக்கோணம் 30. விளிம்புகளை எண்ணினால் நெட்டை 35, குட்டை 30, ஆக 65. முனைகள் 26.

0.618 எங்கிருந்து வந்தது என்று கணக்கு ஆசிரியர்கள் கேட்பார்கள். டோமின் அடிவட்டம் ஒழுங்கான பத்துகோணம். பத்துகோணத்தின் பக்கம் ஆரத்தை விட எத்தனை மடங்கு சிறியது என்று பார்த்தால் பொன்விகிதம், அதாவது 1.618, வந்து நிற்கும்.

எதற்கு இரண்டு நீளம்? எல்லாவற்றையும் 9 செ.மீ. என்று வெட்டினால் வேலை சுலபமாகுமே?

வெட்டிப் பாருங்கள், நல்ல பாடம். நாற்பதும் ஒரே சமபக்க முக்கோணமாக இருந்தால் டோம் வராது. பழைய ஐகோசஹெட்ரனே பெரிதாகி வந்து நிற்கும்.

காரணம் இதுதான். தட்டையான தாளில் ஒரு புள்ளியைச் சுற்றி 360 டிகிரி. அந்தப் புள்ளியைச் சுற்றிச் சேரும் முக்கோணங்களின் கோணங்கள் கூட்டி 360 வந்தால் தாள் தட்டையாகவே கிடக்கும். அதற்குக் குறைந்தால்தான் நடுவில் எழும்பும். மெரினாவில் சுண்டல் மடிக்கும் கூம்பு எப்படி நிற்கிறது? தாளின் ஒரு பகுதியை மேலே ஏற்றி மறைத்துவிடுவதால்தான். எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு கூர்மை.

ஒரே நீளத்தில் வெட்டினால் ஆறு முக்கோணம் சேரும் இடத்தில் 6 × 60 = 360. சுத்தத் தட்டை. ஐந்து சேரும் இடத்தில் 300, அதாவது ஒரேயடியாக 60 டிகிரி குறைவு, குத்துகிற மாதிரி கூர்மை. குறை முழுவதையும் சில முனைகள் மட்டும் சுமக்கின்றன, மற்றவை சும்மா இருக்கின்றன.

சரியான நீளங்களில் வெட்டினால் என்ன ஆகிறது? இருசமபக்க முக்கோணத்தின் உச்சிக் கோணம் 68.86 டிகிரி, அடிக்கோணங்கள் 55.57. ஐந்து உச்சிகள் சேரும் இடத்தில் 344.3, குறைவு 15.7. ஆறு சேரும் இடத்தில் நான்கு அடிக்கோணங்களும் இரண்டு அறுபதுகளும், கூட்டினால் 342.3, குறைவு 17.7. பார்த்தீர்களா, குறை எல்லா முனைக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிட்டது. அதனால்தான் கண்ணுக்கு உருண்டையாகத் தெரிகிறது. நெட்டைக்கும் குட்டைக்கும் உள்ள அந்த ஒரு சென்டிமீட்டர் சொச்ச வித்தியாசம் செய்யும் வேலை இது.

வலையிலிருந்து இறக்கிய டெம்ப்ளேட்டை அப்படியே வெட்டி ஒட்டும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் விழிக்கிறார்கள். கவராயத்தால் தானே வரைந்த பிள்ளை விழிப்பதில்லை. நான் பிரிண்டை விடக் கவராயத்தைச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

சரி, எப்படி வெட்டி ஒட்டுவது?

நாற்பது முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டத் தேவையில்லை. 30 இருசமபக்க முக்கோணங்களும் ஐந்தைந்தாக ஆறு இடங்களில் கூடுகின்றன. ஆகவே ஆறு ‘தொப்பி’, பத்து சமபக்க முக்கோணம், இவ்வளவுதான் உருப்படிகள். ஏ4 தாள் எட்டு போதும்.

தொப்பி: ஒரு தாளின் நடுவில் 8.2 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். கவராயத்தை 9.3-க்கு விரித்து, வட்டத்தின் மேல் ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி ஐந்து முறை அடியெடுத்து வையுங்கள். ஐந்தாவது அடி தொடங்கிய புள்ளிக்கு வந்து சேராது, இரண்டு செ.மீ.க்குச் சற்று அதிகமாக இடைவெளி மிஞ்சும். மிஞ்ச வேண்டும்; அதுதான் மேலே சொன்ன 15.7 டிகிரி. ஆறு புள்ளிகளையும் மையத்தோடு சேருங்கள், அடுத்தடுத்த புள்ளிகளை நேர்க்கோட்டால் இணையுங்கள். வெட்டும்போது வட்டத்தின் வளைவில் வெட்டக் கூடாது, இந்த நேர்க்கோட்டில்தான் வெட்ட வேண்டும். இங்கே நிறையப் பேர் கை தவறுகிறது. மிஞ்சிய ஆப்பு வடிவத் துண்டை முழுக்க நீக்காமல், ஒரு பக்கம் 8 மி.மீ. ஒட்டுப்பட்டை விட்டு மிச்சத்தை வெட்டி எடுங்கள்.

நடுவிலிருந்து வரும் கோடுகளை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறுங்கள். காகிதம் கிழியக் கூடாது, பள்ளம் விழுந்தால் போதும். மெல்ல மடித்து, ஒட்டுப்பட்டையை அடுத்த முக்கோணத்தின் உட்பக்கம் ஒட்டினால் தாழ்வான ஐங்கோணக் கூரை ஒன்று கையில் இருக்கும். இப்படி ஆறு.

முக்கோணம்: 9.3 செ.மீ. பக்கத்தில் பத்து. மூன்று பக்கமும் 8 மி.மீ. ஒட்டுப்பட்டை விடுங்கள், பட்டையின் முனைகளைச் சாய்த்து வெட்டுங்கள். ஒரு தாளில் ஆறு தாராளமாக அடங்கும். ஒட்டுப்பட்டை எல்லாம் முக்கோணத்தில்தான், தொப்பியின் வெளி விளிம்பில் வேண்டாம். கீழ்வரிசைத் தொப்பி ஐந்துக்கு மட்டும், தரையைத் தொடும் ஒரே ஒரு விளிம்பில் பட்டை விடுங்கள்.

சேர்ப்பது: முதல் தொப்பியைக் கவிழ்த்து வைத்து, அதன் ஐந்து விளிம்பிலும் ஐந்து முக்கோணங்களை ஒட்டுங்கள். பக்கத்துப் பக்கத்து முக்கோணங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும், அங்கே ஒரு தொப்பி வந்து உட்காரும். அப்படி ஐந்து தொப்பி. அந்தத் தொப்பிகளுக்கு இடையே கீழே மீண்டும் ஐந்து இடைவெளி, அதில் மிச்ச ஐந்து முக்கோணங்கள் தலைகீழாக. தொப்பியும் தொப்பியும் முனையில் மட்டுமே தொடும், விளிம்போடு விளிம்பு ஒருபோதும் சேராது. அப்படிச் சேர்ந்திருந்தால் எங்கோ தப்பு.

மடிப்பு எல்லாமே மென்மையானது. தொப்பிக்குள் 22 டிகிரி, தொப்பியும் முக்கோணமும் சேரும் இடத்தில் 18 டிகிரி. அதனால் ஒட்டுப்பட்டையைச் செங்குத்தாக மடித்துப் பழக்கிவிடாதீர்கள், பிறகு அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

என்ன காகிதம்? சென்னையில் எங்கே வாங்குவது?

200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) கார்டு. ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான், குழைந்துவிடும். தெருமுனை ஸ்டேஷனரி கடையில் சுருட்டித் தரும் சார்ட் பேப்பரை முதல் முயற்சிக்கு எடுக்கலாம், ஆனால் சுருளை நிமிர்த்துவதே ஒரு வேலை.

மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே காகிதக் கடைகள் வரிசையாக இருக்கும். ‘ஐவரி கார்டு’ என்று கேட்டு, தொட்டுப் பார்த்து வாங்குங்கள், ஏ4 அளவுக்கு வெட்டித் தருவார்களா என்றும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள்.

செலவே வேண்டாம் என்றால் வீட்டில் சேர்ந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகள். கெட்டி அட்டை, நல்ல நிறம். பெரிய அளவுப் பத்திரிகையில் ஒரு முக்கோணம் அழகாக அடங்கும். தொப்பிகளை வெள்ளைக் கார்டில் செய்து, முக்கோணங்களை மட்டும் மஞ்சளும் மெரூனுமாகப் பத்திரிகையில் வெட்டினால் அமைப்பு கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

எந்தப் பசை?

ஃபெவிகால், மிக மெல்லியதாக. ஐஸ்க்ரீம் குச்சியால் இழுத்துத் தடவுங்கள். அது தண்ணீர் கலந்த பசை. அதிகம் வைத்தால் காகிதம் நெளியும். ஒட்டியதும் துணிக் கிளிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஃபெவிக்விக் வேண்டாம், கறை விழும், விரலும் ஒட்டிக்கொள்ளும், தப்பாக வைத்ததை நகர்த்த முடியாது. குளூ ஸ்டிக் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி, ஆனால் வெயில் நாளில் ஓரம் பிரியும்.

பிரிண்ட் எடுத்து வெட்டக் கூடாதா?

எடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துச் செய்யும்போது அதுதான் நடைமுறை. ஜெராக்ஸ் கடையில் ‘ஆக்சுவல் சைஸ்’ என்று வலியுறுத்துங்கள். கணினி தானாகவே பக்கத்துக்குள் அடக்கிச் சிறிதாக்கிவிடும். எல்லாத் தாளும் ஒரே அளவு சிறிதானால் டோமுக்குப் பாதகமில்லை, கொஞ்சம் குட்டி டோம் வரும். தொப்பித் தாள் ஒரு நாளும் முக்கோணத் தாள் மறுநாளும் எடுத்து, ஒன்று மட்டும் சுருங்கியிருந்தால்தான் தொல்லை. கையில் ஸ்கேல் கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து பாருங்கள்.

முடித்த டோம் கொழகொழவென்று ஆடுகிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் எங்கேயும் தப்பில்லை. அடியை எதிலும் ஒட்டாமல் விட்டிருப்பீர்கள்.

இதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு, 1864-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் எழுதியது. வெறுமனே விட்டால் ஒவ்வொரு முனையும் மூன்று திசையில் நகரலாம். 26 முனைக்கு 78. மாடல் முழுவதுமாக நகர்வதையும் திரும்புவதையும் கழிக்க 6 போனால் 72. அதாவது அசையாமல் நிற்கக் குறைந்தது 72 விளிம்பு வேண்டும். அரைக்கோளத்தில் இருப்பது 65. ஏழு குறைகிறது. முழு உருண்டைக்குப் போட்டுப் பாருங்கள்: 42 முனை, 126, ஆறு போக 120. விளிம்புகளும் சரியாக 120.

ஆக, முழு உருண்டை தானாகவே விறைப்பாக இருக்கும், பாதி ஆடும். அடியைக் கெட்டி அட்டையில் ஒட்டிவிட்டால் பத்து முனைகள் அசையாமல் பிடிபட்டுவிடும், ஆட்டம் அங்கேயே நின்றுபோகும். அட்டையில் 15 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, 9.3-ஐப் பத்து முறை அடியெடுத்துப் பத்துகோணம் வரையுங்கள். ஒட்டுப்பட்டைகளை உள்பக்கம் மடித்து அந்தக் கோட்டின் மேல் ஒட்டுங்கள். பிறகு மேலே புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் பிடித்த கட்டம்.

அட்டையில் ஒட்டிய பிறகும் ஆடினால், ஏதோ ஒரு தொப்பியின் ஆப்பு அளவு மாறியிருக்கும். ஆறு தொப்பிகளையும் ஒட்டுவதற்கு முன் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தால் அது முன்பே தெரிந்துவிடும்.

காலையில் சரியாக வெட்டியது மாலையில் பொருந்தவில்லையே?

நம்மூர் காற்றின் ஈரம். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், அதுவும் நார் ஓடும் திசையில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும். ஏசி அறையில் வெட்டி, கடற்காற்று வரும் பால்கனியில் ஒட்டினால் வித்தியாசம் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் தாள் தானாகவே சுருளும். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், எல்லாத் துண்டையும் தாளின் ஒரே போக்கில் வெட்டுங்கள், வெட்டிய அறையிலேயே ஒட்டி முடியுங்கள்.

பழைய செய்தித்தாளில் ஆள் நுழையும் அளவு டோம் செய்யலாமாமே?

செய்யலாம், கோடை விடுமுறைக்கு இதைவிடச் சிறந்த வேலை இல்லை. இரண்டு பக்கம் சேர்ந்த முழுத் தாளை மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பென்சில் தடிமனில் இறுக்கிச் சுருட்டி டேப் ஒட்டினால் கெட்டியான குழல் கிடைக்கும். ஆரம் 1 மீட்டர் என்று வையுங்கள். நெட்டை 35, துளைக்குத் துளை 61.8 செ.மீ.; குட்டை 30, துளைக்குத் துளை 54.7 செ.மீ. இரு முனையிலும் துளைக்கு வெளியே 2 செ.மீ. விட்டு வெட்டுங்கள். நெட்டைக்கு ஒரு நிறம், குட்டைக்கு ஒரு நிறம் பெயின்ட் அடையாளம் அவசியம், இல்லாவிட்டால் நடுவில் குழம்பும்.

மொட்டை மாடியில் அல்லது ஹாலில் கீழிருந்து கட்டுங்கள். முதலில் பத்து நெட்டை வட்டமாக. அடிமுனை ஒவ்வொன்றிலும் ஒரு நெட்டையும் ஒரு குட்டையும் மேலே எழும். இரண்டு நெட்டை சேர்ந்து ஒரு முக்கோணம், அடுத்து இரண்டு குட்டை சேர்ந்து ஒன்று, இப்படி மாறி மாறி வரும். அந்த உச்சிகளைப் பத்து குட்டையால் இணையுங்கள். இரண்டு நெட்டை சேர்ந்த உச்சியிலிருந்து மேலே இரண்டு நெட்டை, இரண்டு குட்டை சேர்ந்த உச்சியிலிருந்து மேலே ஒரே ஒரு குட்டை. அவை கூடும் ஐந்து புள்ளிகளை ஐந்து நெட்டையால் கட்டுங்கள். மிச்சம் ஐந்து குட்டை, நட்ட நடுவில் கூடும். கணக்குச் சரியாக இருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

முனைகளுக்குச் சின்ன நட்டு போல்ட், அல்லது கட்டிட வேலைக்கு விற்கும் கட்டுக்கம்பி. பாதி கட்டும்வரை எல்லாம் தொய்ந்து தொங்கும், அதைப் பார்த்து மனம் விட வேண்டாம். கடைசிக் குச்சிகள் ஏறும்போதுதான் விறைக்கும். மாடியில் கடற்காற்று தொடங்குவதற்கு முன் அடிமுனைகளில் செங்கல் வையுங்கள். ஒரு மீட்டர் உயரம் என்பதால் பிள்ளைகள் உட்காரலாம், நாம் தவழ்ந்துதான் போக வேண்டும்.

முழு உருண்டை வேண்டும். இரண்டு அரைக்கோளத்தை ஒட்டினால் போதுமா?

போதும், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அடிவட்டத்தின் பத்து விளிம்புகளில் தொப்பி விளிம்பும் முக்கோண விளிம்பும் மாறி மாறி இருக்கும். மேல்பாதியின் தொப்பி விளிம்புக்கு நேரே கீழ்பாதியின் முக்கோண விளிம்பு வர வேண்டும். வராவிட்டால் ஒரு பக்க அளவு திருப்புங்கள். கடைசியாக ஒரு தொப்பியை மட்டும் ஒட்டாமல் வைத்திருந்து, உள்ளே கைவிட்டு மற்ற இணைப்புகளை அழுத்திய பிறகு அதை மூடுங்கள். முழு உருண்டையில் 12 தொப்பி, 20 முக்கோணம்.

கால்பந்துக்கும் இதற்கும் என்ன உறவு?

ஒரே குடும்பம். 1970 உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்தில் 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம். நம் உருண்டையிலும் ஐந்து விளிம்பு கூடும் முனைகள் 12-தான். 3வி, 4வி என்று எவ்வளவு நுணுக்கமாகப் போனாலும் அந்த 12 கூடாது, குறையாது. 1985-இல் கண்டுபிடித்த 60 கார்பன் அணு மூலக்கூறுக்கும் கால்பந்து வடிவம்தான். அதற்கு ஃபுல்லரின் பெயரையே வைத்தார்கள். குரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவருக்கும் 1996-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

3வி எப்போது செய்யலாம்?

2வி ஒன்று கைக்கு வந்த பிறகு. ஆரத்தோடு பெருக்க வேண்டிய எண்கள் மூன்று: 0.3486, 0.4036, 0.4124. 15 செ.மீ. ஆரத்துக்கு 5.23, 6.05, 6.19. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. கத்தரிக்கோலின் ஒரு சறுக்கலில் ஒன்று மற்றொன்றாகிவிடும். பெரிய ஆரம் எடுத்துக்கொண்டால்தான் நிம்மதி. அரை உருண்டைக்குச் சற்று அதிகமாக, எட்டில் ஐந்து பங்கு என்று சொல்லப்படும் டோமுக்கு 105 முக்கோணங்கள் வேண்டும். ஐந்து கூடும் இடங்களுக்கு 30, மிச்ச 75 இன்னொரு வகை. அடியும் 2வி மாதிரி ஒரே தளத்தில் உட்காராது, சற்று மேலும் கீழுமாக இருக்கும்.

கொலுவில் வைக்கலாமா? உள்ளே விளக்கு போடலாமா?

கொலு பார்க்கில் மண்டபமாக வைக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. கீழ்வரிசை முக்கோணம் ஒன்றை ஒட்டாமல் விட்டால் வாசல். விளக்கு என்றால் பேட்டரி எல்இடி சரம் மட்டும். அகல், மெழுகுவத்தி, பழைய குண்டு பல்பு எதுவும் காகிதத்துக்குள் கூடாது. கறுப்புக் கார்டில் செய்து, ஓரியன் விண்மீன் கூட்டத்தின் மூன்று இடைவார் நட்சத்திரங்களை ஊசியால் குத்தி, உள்ளே ஒற்றை எல்இடி வைத்தால் இருட்டறையில் சுவரில் மூன்று புள்ளி விழும். பல எல்இடி வைத்தால் புள்ளிகள் பலவாகிக் கலங்கும்.

கண்காட்சியில் நடுவர் என்ன கேட்பார்?

‘இது ஏன் உறுதியாக நிற்கிறது’ என்பார்; முக்கோணமும் அடியட்டையும் பற்றிச் சொல்லுங்கள். இன்னும் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முழு உருண்டையின் எல்லா முனைகளிலும் உள்ள கோணக் குறைவைக் கூட்டினால் 720 டிகிரி வரும்: 12 முனைகளில் 15.7, 30 முனைகளில் 17.7, கணக்கிட்டுப் பாருங்கள், தசமத்தை முழுதாக எடுத்தால் துல்லியமாகவே வரும். கனசதுரத்தில் எட்டு மூலை, ஒவ்வொன்றிலும் 90, அதுவும் 720. ஐகோசஹெட்ரனில் 12 × 60, அதுவும் 720. ஓட்டையில்லாத, குழிவில்லாத எந்த மூடிய பெட்டிக்கும் இதே எண்தான் என்று கண்டு சொன்னவர் பிரெஞ்சுக் கணித மேதை டெகார்ட். இதை ஒரு பிள்ளை கனசதுரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னால் நடுவர் அடுத்த மேசைக்கு அவ்வளவு சீக்கிரம் நகரமாட்டார்.

பள்ளிக்கு எப்படிக் கொண்டுபோவது?

30 செ.மீ. டோம் காலை நேர பஸ்ஸில் பிழைக்காது. அடியட்டையை டோமை விடப் பெரிதாக வெட்டி, அதே அளவு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, நூல் கட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கிடைக்காவிட்டால் அடியில் ஒட்டாமல் கொண்டுபோங்கள். ஒட்டாத டோம் அழுத்தினால் மசிந்து கொடுக்கும், உடனே கிழியாது. அங்கே போய் டபுள்சைடு டேப்பால் அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். கூடவே ஒரு தொப்பியும் இரண்டு முக்கோணமும் உதிரியாக எடுத்துப் போங்கள், மதியத்துக்குள் யாராவது ஒரு பிள்ளை விரலை விட்டுப் பார்க்கும்.